பெஞ்சில் உட்கார்ந்த நேரம்

வக்கீல் சுயம்புலிங்கம் கோர்ட்டில் எழுந்து நின்றால் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வேர்க்கும். அதே மனிதர் கட்சிக்காரனிடம் பீஸ் கேட்க வேண்டும் என்றால் அவருக்கே வேர்க்கும். நான் அவரிடம் வேலைக்குச் சேர்ந்தபோது, ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் மாடியில் இருந்த அந்த ஆபீஸில் ஒரு பழைய டைப்ரைட்டர் இருந்தது, அலமாரி நிறையச் சட்டப் புத்தகங்கள் இருந்தன, கணக்கு என்று ஒன்று மட்டும் இல்லை. கட்சிக்காரர்கள் தாம்பாளத்தில் வெற்றிலைக்கு அடியில் நோட்டை வைத்து நீட்டுவார்கள். அவர் வெற்றிலையைப் பார்த்துக்கொண்டே நோட்டை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். எவ்வளவு என்று பார்ப்பது மரியாதைக் குறைச்சலாம். சட்டையைச் சலவைக்குப் போடும்போது பையில் கையை விட்டுப் பார்ப்பதுதான் அந்த ஆபீஸின் வரவுக் கணக்கு.

என் பெயர் ஆவுடையம்மாள். டைப் அடிக்கத்தான் சேர்த்தார். ஒரு வருஷத்துக்குள் கணக்கு, ரசீது, வாய்தா தேதி எல்லாம் என் கைக்கு வந்துவிட்டன. அவராகக் கொடுக்கவில்லை, நான்தான் பிடுங்கிக்கொண்டேன். தாம்பாளத்தை வாசலிலேயே வாங்கி, வெற்றிலையைத் தூக்கி, கட்சிக்காரன் கண் முன்னாலேயே எண்ணி ரசீது போட்டேன். முதல் மாதம் நாலு பேர் கோபித்துக்கொண்டு போனார்கள். மூன்று பேர் திரும்பி வந்தார்கள்.

அதற்கு முன்னால் நான் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில், நூலைச் சிட்டமாகச் சுற்றும் ரீலிங் பிரிவில் இருந்தேன். ஷிப்டு முடிந்து டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுக்கு ஓடி ஹையர் பாஸ் பண்ணினேன். மில்லை ஏன் விட்டாய் என்று கேட்பவர்களிடம் பஞ்சுத் தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்பேன். பஞ்சுத் தூசி ஒரு பக்கம் கிடக்கட்டும். என்னால் பொறுக்க முடியாமல் போனது வேறு. கரண்ட் போனால் மெஷின் நிற்கும். எப்போது திரும்ப வரும் என்று யாருக்கும் தெரியாது என்பதால் எங்களை வீட்டுக்கு விட மாட்டார்கள். கேட்டைப் பூட்டிவிட்டுச் சுவரோரமாக உட்காரச் சொல்வார்கள். சில நாள் ஒரு மணி நேரம், சில நாள் அரை ஷிப்டு. உட்கார்ந்த நேரம் எல்லாம் டைம் கார்டில் கழிந்துவிடும். கூலி கிடையாது. கேட்டால், "சும்மாதானே இருந்தீங்க" என்று மேஸ்திரி சொல்வார். சும்மா இருப்பதற்கு எனக்கு வீடு இருந்தது. அங்கே போக விட்டார்களா?

எண்பத்தேழில் அதே மில் எங்கள் ஆபீஸ் படியேறி வந்தது. மில் மானேஜர் ரத்தினம், வெள்ளை அரைக்கைச் சட்டை, பையில் சிவப்பு மைப் பேனா ஒன்று, நீல மைப் பேனா ஒன்று. என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. ரீலிங்கில் இருந்த ஒருத்தியின் முகத்தை அவர் என்றைக்குப் பார்த்தார்?

"வக்கீல் சார், எங்க மில்லு கேஸெல்லாம் இனிமே நீங்கதான் பாக்கணும்" என்றார். "ஆனா மொத்தமா பீஸு, வெத்தல பாக்குங்கிற பேச்செல்லாம் எங்களுக்கு ஆகாது. எங்க மில்லுல நேரத்துக்குத்தான் காசு. எந்த வேலைக்கு எம்புட்டு நேரம்னு எழுதிக் குடுத்துருங்க, மாசம் பொறந்தா செக்கு வந்துரும்."

சொல்லிவிட்டு மேஜைமேல் ஒரு கட்டு டைம் கார்டை வைத்தார். மில்லில் தொழிலாளிக்குக் கொடுக்கும் அதே மஞ்சள் அட்டை. வந்த நேரம், போன நேரம், பிரிவு, மேஸ்திரி கையெழுத்து. சுயம்புலிங்கம் சாரின் முகம் சுண்டிப்போய்விட்டது. பி.எல். படித்த மனுஷனுக்கு மில் அட்டை. ஆனால் மாதா மாதம் செக் என்ற வார்த்தை அந்த ஆபீஸில் அதுவரை யாரும் சொல்லாத வார்த்தை. என் சம்பளமே இரண்டு மாதம் தள்ளித் தள்ளித்தான் வந்துகொண்டிருந்தது. கார்டை நான்தான் எடுத்து டிராயரில் வைத்தேன்.

எழுதுவதில் எனக்குக் கஷ்டம் இல்லை. மனு தயாரித்தது, கோர்ட்டில் நின்றது, சட்டப் புத்தகம் பார்த்தது என்று பிரித்துப் பிரித்து எழுதினேன். செக் சொன்ன தேதிக்கு வந்தது. என் சம்பளமும் முதல் தடவையாக ஒன்றாம் தேதி வந்தது. அந்த மில் இருக்கும்வரைதான் அது வரும் என்று எனக்கும் தெரியும், சாருக்கும் தெரியும்.

வியாழக்கிழமைதோறும் ஆலோசனைக்கு மில்லுக்கு வரச் சொல்வார்கள். நானும் பைலைத் தூக்கிக்கொண்டு சாருடன் ராஜபாளையம் பஸ் ஏறுவேன். பத்து மணிக்கு வரச் சொல்லிவிட்டு, மானேஜர் அறைக்கு வெளியே ஒரு மர பெஞ்சில் உட்கார வைப்பார்கள். உள்ளே போன் பேசும் சத்தம் கேட்கும், சிரிப்புச் சத்தம் கேட்கும், காபி உள்ளே போகும். எங்களைக் கூப்பிடப் பன்னிரண்டு ஆகும். உள்ளே போனால் கால் மணி நேரப் பேச்சு. சார் பெஞ்சில் உட்கார்ந்து பைலைப் புரட்டுவது போலப் பாசாங்கு செய்வார். ஒரே பக்கத்தைத்தான் புரட்டுவார்.

அந்த மாதம் நான் பில்லில் கூடுதலாக ஒரு வரி சேர்த்தேன். 'மில் அலுவலகத்தில் காத்திருந்த நேரம்.'

பில் திரும்பி வந்தது. அந்த வரியின் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. பக்கத்தில், 'காத்திருத்தல் வேலை ஆகாது' என்று எழுதிக் கையெழுத்து.

மேஸ்திரி வாயால் சொன்னதை மானேஜர் எழுத்தில் தந்திருந்தார், அவ்வளவுதான். அடுத்த மாதமும் அதே வரியை அடித்தேன். அடுத்த மாதமும் சிவப்புக் கோடு வந்தது. மூன்றாவது மாதம் சார் என்னைக் கூப்பிட்டார்.

"ஆவுடை, அந்த வரிய விட்டுரு. மத்ததுக்கெல்லாம் சுளையாக் குடுக்கான்லா."

"விட மாட்டேன் சார்."

"நமக்கு அதனால என்ன நட்டம்? செத்த நேரம் உக்காந்தோம், வந்தோம்."

"செத்த நேரமா? வேணும்னா அந்த வரி இல்லாம நீங்களே டைப் அடிச்சுக்கிடுங்க."

அவருக்கு டைப் அடிக்கத் தெரியாது. பில் என் இஷ்டப்படியே போனது.

அப்புறம்தான் அந்த வழக்கு வந்தது. மில்லில் ரீலிங் பெண்கள் நாற்பது பேர் சேர்ந்து, கரண்ட் இல்லாமல் உட்கார வைத்த நேரத்துக்குக் கூலி வேண்டும் என்று மதுரை லேபர் கோர்ட்டில் போட்டிருந்தார்கள். முதல் மனுதாரர் வேலுத்தாய். சுவரோரம் என் பக்கத்தில் உட்கார்ந்து என் தோளிலேயே தூங்கிப்போன வேலுத்தாய். மில்லின் பதிலைச் சுயம்புலிங்கம் சார் எழுத வேண்டும். நான் டைப் அடிக்க வேண்டும்.

என் வேலை நேரம் ஆறு மணிவரை. சார் கோர்ட் முடிந்து, பார் அசோசியேஷனில் கேரம் ஆடி, டீ குடித்து, அரட்டை அடித்து, ஆபீஸுக்கு வர ஏழரை ஆகும். அன்றும் ஏழரைக்கு வந்து, மானேஜர் கொடுத்த குறிப்பைப் பார்த்து டிக்டேஷன் சொன்னார். "மின்சாரம் தடைப்பட்ட நேரங்களில் மனுதாரர்கள் யாதொரு வேலையும் செய்யாமல் உட்கார்ந்திருந்தார்கள். காத்திருத்தல் வேலை ஆகாது."

என் விரல் நின்றுவிட்டது.

"சார், இது நம்ம பில்லுல அவிய சிவப்பு மையில எழுதினது."

"தெரியும்."

"தெரிஞ்சுமா சொல்லுதிய?"

"கட்சிக்காரன் பேச்சத்தான் வக்கீல் பேசணும், ஆவுடை. எனக்கா இதச் சொல்ல ஆசை?" அவர் என் முகத்தைப் பார்க்காமல் சன்னலைப் பார்த்தார். "இது அவன் பேச்சு. மேல அடி."

அடித்தேன். இரண்டு கார்பன் வைத்து மூன்று பிரதி அடித்தேன். சம்பளம் வாங்குகிற வேலை, அடித்துத்தான் ஆக வேண்டும். ஆனால் அன்றைக்கு அந்த வரியை அடித்த கையை எனக்கே பிடிக்கவில்லை.

பத்து நாள் கழித்து ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் வேலுத்தாய் என்னைப் பிடித்துக்கொண்டாள். கோர்ட்டில் கொடுத்த பதிலின் நகல் அவள் பையில் இருந்தது.

"ஏட்டி ஆவுடை, இந்த எழுத்து நீ அடிச்சதா?"

"ஆமா."

"சும்மா உக்காந்திருந்தோம்னு போட்டிருக்கே. நீயும் எங்கூடத்தான உக்காந்திருந்த. ஒண்ணுக்குப் போகக்கூட மேஸ்திரிகிட்ட கேட்டுப் போனோமே, அது சும்மாவாட்டி?"

சமாதானமாக ஏதாவது சொல்லியிருந்தால் அவள் என்னை அங்கேயே அறைந்திருப்பாள், அதுதான் நியாயமும். அவள் திட்டக்கூட இல்லை. பையை இடுக்கிக்கொண்டு பஸ் ஏறிப் போய்விட்டாள்.

அன்று ஆபீஸுக்குத் திரும்பி வந்து, மில் சிவப்புக் கோடு போட்டுத் தள்ளிய காத்திருப்பு நேரத்தை எல்லாம் முதல் வியாழனிலிருந்து கூட்டித் தனியாக ஒரு பில் அடித்தேன். அதில் வேறு எந்த வேலையும் இல்லை. காத்திருந்த நேரம் மட்டும். சாரிடம் நீட்டினேன்.

"இந்தப் பில்லு போச்சுன்னா மில்லு போயிரும், ஆவுடை. உன் சம்பளமும் சேந்துதான் போகும். யோசிச்சுத்தான் அடிச்சியா?"

"யோசிச்சுத்தான் சார்."

"எனக்கும் அந்தப் பெஞ்சில உக்காந்து உக்காந்து அலுத்துப்போச்சு" என்று முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். எனக்கே ஆச்சரியம்தான்.

ஒரு வாரத்தில் பதில் வந்தது. மில் தன் வழக்குகளை மதுரையில் வேறு வக்கீலிடம் கொடுக்கப்போகிறதாம். அதற்குப் பழைய வக்கீல் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து இல்லாவிட்டால் புது வக்கீலின் வக்காலத்தைக் கோர்ட் சுலபத்தில் ஏற்காது. பழைய வக்கீலின் பாக்கியைத் தீர்க்காமல் அந்தக் கையெழுத்தைக் கேட்கிற வழக்கமும் கிடையாது. சுயம்புலிங்கம் சாரைத் தவிர எல்லா வக்கீல்களும் அதைக் கறாராகப் பார்ப்பார்கள். இவர் யார் வந்து கேட்டாலும் போட்டுக் கொடுத்து, வாசல்வரை வந்து வழியனுப்பியும் வைப்பார்.

ரத்தினம் வெள்ளிக்கிழமை வந்தார். திங்கட்கிழமை மதுரையில் வாய்தா. சார் கோர்ட்டில் இருந்தார்.

"வக்கீல் எப்ப வருவாரு?"

"கேஸ் நடக்கு சார். உக்காருங்க" என்று கட்சிக்காரர்கள் உட்காரும் பெஞ்சைக் காட்டினேன்.

உட்கார்ந்தார். பேனாவைத் திறந்து மூடினார். கடிகாரத்தைப் பார்த்தார். நான் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். கரண்ட் போய் மின்விசிறி நின்றது. வேண்டுமென்று நான் நிறுத்தவில்லை, ஆனால் நின்றதில் எனக்கு வருத்தம் இல்லை. அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். கீழே போய் உலாத்திவிட்டு வந்தார். மறுபடி உட்கார்ந்தார். பன்னிரண்டரைக்கு எழுந்து என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார்.

"ஏம்மா, பத்து மணிலேர்ந்து உக்காந்திருக்கேன். மில்லுல எனக்கு எம்புட்டு வேலை கெடக்கு தெரியுமா? என் நேரத்துக்கு வெலை இல்லையா?"

இதற்குத்தான் காத்திருந்தேன் என்று சொன்னால் பொய். அவர் இப்படிக் கேட்பார் என்று நான் நினைக்கவே இல்லை. ஆனால் கேட்டதும் என் கை தானாக டிராயருக்குப் போனது. மில் கொடுத்த மஞ்சள் கார்டில் ஒன்றை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"இருக்கு சார். வந்த நேரம், இப்ப மணி, ரெண்டையும் எழுதுங்க. நான் மேஸ்திரி கையெழுத்துப் போடுதேன். சிவப்பு மையில கோடு போட மாட்டேன்."

அவர் கார்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இந்தத் தடவை நன்றாகப் பார்த்தார்.

"நீ எங்க மில்லுல இருந்தியா?"

"ரீலிங்குல இருந்தேன். கரண்ட் போனா உங்க சுவரோரத்துல உக்காந்திருப்பேன்."

சார் அப்போதுதான் படியேறி வந்து வாசலில் நின்றிருந்தார். கறுப்புக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. ரத்தினம் அவர் பக்கம் திரும்பி வக்காலத்தை நீட்டினார். "கையெழுத்தப் போடுங்க சார், நான் கெளம்பணும்." சாரின் கை பழக்கதோஷத்தில் பேனாவுக்குப் போனது. நான் குறுக்கே கையை நீட்டி வக்காலத்தை வாங்கி டைப்ரைட்டருக்கு அடியில் வைத்துவிட்டேன்.

"பில்லு பாக்கி இருக்கு சார்."

"இன்னைக்கு வெள்ளிக்கெழமை" என்றார் ரத்தினம். "வெள்ளிக்கெழமை மில்லுலேர்ந்து காசு வெளிய போகாது. பழைய முதலாளி கால வழக்கம். திங்கக்கெழம செக்கு அனுப்புதேன்."

"அப்ப கையெழுத்தும் திங்கக்கெழம."

"திங்கக்கெழம மதுரையில வாய்தாம்மா."

"தெரியும். தேதி எழுதி வச்சவளே நான்தான்."

அவர் சாரைப் பார்த்தார். "என்ன சார், உங்க ஆபீஸுல யாரு வக்கீலு?"

சார் நாற்காலியில் உட்கார்ந்தார். இந்த மாதத்துக்கான வேலைகளின் பில்லும் என் மேஜையில் தயாராக இருந்தது. அது பெரிய தொகை. நான் அதை எடுத்து, ரத்தினம் பார்க்க, நாலாகக் கிழித்துப் போட்டேன். சார் பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

"இதுக்கு நீங்க ஒண்ணும் தர வேண்டாம்" என்றேன். "மனு எழுதினதுக்கு வேண்டாம், கோர்ட்டுல நின்னதுக்கு வேண்டாம். அந்தப் பெஞ்சுல உக்காந்திருந்ததுக்கு மட்டும் குடுங்க. அதுக்குன்னு ரசீது தருவேன், அடிக்கட்டைல கையெழுத்துப் போட்டுட்டு வக்காலத்த எடுத்துட்டுப் போங்க."

"கிறுக்கச்சியாம்மா நீ? பெரிய தொகையக் கிழிச்சுப்போட்டுச் சின்னத் தொகைக்கு நிக்குத."

"ஆமா, அதுக்குத்தான் நிக்கேன்."

அவர் மறுபடியும் சாரைப் பார்த்தார். இந்த முறை சார் கண்ணைத் திருப்பவில்லை.

"என் ஆபீஸுல கணக்கு அவ பொறுப்பு, ரத்தினம்" என்றார். "அவ சொன்னது சொன்னதுதான்."

ரத்தினம் தன் சொந்தச் சட்டைப்பையிலிருந்து பணத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார், மில் காசு இல்லை என்று இரண்டு முறை சொல்லிவிட்டு. யார் காசாக இருந்தால் எனக்கு என்ன? 'காத்திருந்த நேரத்துக்கு' என்று ரசீதிலும் அடிக்கட்டையிலும் எழுதி நீட்டினேன். அவர் கை பழக்கத்தில் சிவப்புப் பேனாவை எடுத்தது. பார்த்தார். அதை வைத்துவிட்டு நீலத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

அந்த ரசீதின் அடிக்கட்டையை நான் வேலுத்தாயிடம் காட்டவில்லை. கட்சிக்காரன் காகிதத்தை எதிர்த்தரப்புக்குக் காட்டக் கூடாது, அது எனக்கும் தெரியும். அவள் வழக்கு மதுரையில் இன்னும் மூன்று வருஷம் இழுத்தது. அதை அவள் எப்படி நடத்தினாள் என்பது அவளுடைய கதை, அவள்தான் சொல்ல வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். அந்த வரிக்கு மேல் கோடு இல்லாமல் ஒரு தடவையாவது அது நிற்க வேண்டும். நின்றது.

அன்று சாயங்காலம் சார் வழக்கம்போல ஏழரைக்கு வந்தார். நல்ல குஷி. பார் அசோசியேஷன் முழுக்கக் கதையைச் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

"எல்லாரும் கை தட்டிட்டானுவ ஆவுடை. காத்திருக்கதும் வேலதான்டா, எங்க ஆபீஸ் அதுல விட்டுக்குடுக்காதுன்னு சொன்னேன்."

நான் டிராயரிலிருந்து ஒரு மஞ்சள் கார்டை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். பிரிவு என்ற இடத்தில் 'ஆபீஸ்' என்று எழுதியிருந்தது. ஆறு மணியிலிருந்து ஏழரைவரை, அந்த மாதம் முழுக்க, ஞாயிறு நீங்கலாக.

"இது யாரோடது?"

"என்னோடது சார். உங்களுக்காக உக்காந்திருந்தது."

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றுபோனது. "மில்லும் போச்சு. பில்லையும் நீதான் கிழிச்ச. இப்பப் போயி இதக் கேக்கியா?"

"இப்பத்தான் சார் கேக்கணும்."

அவர் கார்டைக் கையில் எடுத்தார். கேரம் ஆடிய பவுடர் இன்னும் அவர் விரலில் வெள்ளையாக இருந்தது. அப்புறம் பேனாவைத் திறந்து, மேஸ்திரி கையெழுத்து என்ற கட்டத்தில் தன் பெயரை முழுசாக எழுதினார்.

"சம்பளத்தோட சேத்துத் தாரேன். எப்பன்னு மட்டும் கேக்காத" என்றார். "நாளையிலேர்ந்து ஆறு மணிக்கெல்லாம் வந்துருதேன்."

"வாங்க" என்றேன். "வராட்டியும் எழுதுவேன்."